இரட்டைக் கோடு

எழுதத் தெரியாதவன் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு முப்பது வருடமாக என் கை எழுதியதெல்லாம் ஆட்டுக் கொட்டகைப் பதிவேட்டில் எண்களும் தேதிகளும்தான். எனக்கு மேல் அதிகாரியாக இருந்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பேச்சும் எனக்கு வராது. நாலு பேர் கூடினால் சுவர் ஓரமாகப் போய் நிற்பவன்.

தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் மகள் நித்யா டெல்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள். படிக்க வராது.

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விடுவது அவர்களுக்கு ஆகாது என்று தெரியும். இந்த ஒரு இடத்தை விட்டுவிடுகிறேன். நாங்கள் கூப்பிட்டதுபோல மேடம் என்றே சொல்கிறேன்.

டெல்லியின் மேற்கு ஓரத்தில் எங்கள் அலுவலகம். முன்னால் மூன்று மாடிக் கட்டிடம். பின்னால் வேப்ப மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட நான்கு செம்மறிக் கொட்டகைகள். ஊரில் கேட்டால் டெல்லியில் ஆடு மேய்க்கிறேன் என்பேன், சிரிப்பார்கள். உண்மையில் மேய்ப்பது கூட இல்லை. எந்தக் கிடாய் எந்தப் பெட்டையோடு சேர்ந்தது, எந்தக் குட்டி யாருக்குப் பிறந்தது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை.

கிடாயின் நெஞ்சில் எண்ணெயில் குழைத்த சாயத்தைப் பூசிக் கொட்டகைக்குள் விடுவோம். அது எந்தப் பெட்டை மேல் ஏறுகிறதோ அதன் பின்பக்கத்தில் சாயம் ஒட்டிக்கொள்ளும். காலையில் போய் எந்தப் பெட்டையில் சாயம் என்று பார்த்து எண்ணை எழுத வேண்டும். பதினாறு நாளுக்கு ஒரு தடவை நிறத்தை மாற்றுவோம். மஞ்சள் வாங்கிய பெட்டை அடுத்த சுற்றில் சிவப்பும் வாங்கினால் முதல் தடவை சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். வாங்காவிட்டால் ஐந்து மாதத்தில் குட்டி.

மேடம் பெரிய தாள்களில் பென்சிலால் படம் போடுவார்கள். கிடாய்க்குச் சதுரம், பெட்டைக்கு வட்டம். நடுவே கோடு. கீழே இறங்கும் கோட்டில் குட்டிகள். நோய் வந்ததற்கு முழுக் கறுப்பு. தனக்கு வராமல் உள்ளே வைத்துக்கொண்டு குட்டிக்குக் கொடுப்பதற்குப் பாதிக் கறுப்பு. உறவுக்குள் சேர்ந்ததற்கு மட்டும் இரட்டைக் கோடு. படத்தில் ஒரு இடம் காலியாக இருந்தால் அவர்களால் சாப்பிடவே முடியாது. டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பதிவேட்டோடு கொட்டகைக்கு வந்துவிடுவார்கள்.

“ஏனுங் தம்பி, இந்தக் குட்டிக்கு அப்பன் யாருங்?”

“தெரியலை மேடம்.”

“தெரியலைன்னா தெரியலைன்னு எழுதோணும். காலியா உடக்கூடாது. காலியா உட்டா பின்னால வர்றவன் அவனுக்குத் தோணுனதை எழுதிப்போடுவான்.”

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வருட டெல்லி அந்தப் பேச்சைத் தொடவில்லை. ஹிந்தி பேசினாலும் அந்த இழுப்பு இருக்கும். தீனி போடும் ஹரியானாக்காரர் அவர்கள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, “பாகோ பையா, பென்சில் ஆ கயி” என்று வைக்கோலுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். ஓடு, பென்சில் வந்துவிட்டது என்று அர்த்தம். அவரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. உங்கள் அம்மா எந்த ஊர், அவருடைய அப்பா எந்த ஊர் என்று ஒருநாள் கேட்டே தீர்த்தார்கள். கல்யாணப் பத்திரிகை யார் கொடுத்தாலும் தேதியையும் மண்டபத்தையும் பார்க்க மாட்டார்கள். பெண்ணும் பிள்ளையும் யாருக்குப் பேத்தி, யாருக்குப் பேரன் என்ற வரிகளை மட்டும் விரல் வைத்துப் படிப்பார்கள்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். “உங்க குடும்பத்துக்கும் படம் போட்டிருக்கீங்களா மேடம்?”

“மொதல்ல போட்டதே அதுதானுங்” என்றார்கள். அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. படம் போடுவார்கள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். கிடாயை வைப்பதா கழிப்பதா என்று மேலிடம் கேட்டால் படத்தைத் திருப்பி வைத்து, “பாத்துக்கங்க” என்பார்கள். அவ்வளவுதான். அது அடக்கமா கல் மனசா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அவர்களிடம் நான் இரண்டு பொய் சொல்லியிருக்கிறேன்.

முதல் பொய் ஆட்டைப் பற்றியது. ஒருநாள் இரண்டாம் கொட்டகைக்கும் மூன்றாம் கொட்டகைக்கும் நடுவே உள்ள படலை நான் சரியாகப் பூட்டவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டாம் கொட்டகைக் கிடாய் மூன்றாம் கொட்டகைக்குள் நிற்கிறது. இரண்டு கிடாய்களுக்கும் அன்று மஞ்சள்தான். நான்கு பெட்டைகளின் பின்பக்கமும் மஞ்சள். எந்த மஞ்சள் யாருடையது? நான் கிடாயைப் பேசாமல் அதன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டேன். நான்கு பெட்டைகளுக்கும் மூன்றாம் கொட்டகைக் கிடாயின் எண்ணையே எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து அந்த வழியில் வந்த சில குட்டிகள் மதிய வெயிலில் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. தாய் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் நடந்து கம்பியில் முட்டிக்கொண்டன. வெயில் சாய்ந்ததும் அதே குட்டிகள் துள்ளி ஓடின. மேடம் வைக்கோல் கட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கச் சொன்னார்கள். உச்சி வெயிலில் ஒரு தடவை, சூரியன் இறங்கியதும் ஒரு தடவை குட்டிகளை அதற்குள் நடக்க விட்டோம். மதியம் ஒவ்வொரு கட்டிலும் மோதின. சாயங்காலம் ஒன்றில் கூட மோதவில்லை.

“பகல் குருடுங். தாய் பாதி, தகப்பன் பாதி. ரெண்டு பேரும் குடுத்தாத்தான் வரும்” என்றார்கள்.

ஆனால் படம் சேரவில்லை. மூன்றாம் கொட்டகைக் கிடாயின் மற்றக் குட்டிகள் எதிலும் அந்த நோய் இல்லை. அவர்கள் மூன்று நாள் அழித்து அழித்துப் போட்டார்கள். நான்காம் நாள் பதிவேட்டை என் முன்னால் விரித்து, நான் எழுதிய அந்த நான்கு எண்களின் மேல் பென்சில் முனையை வைத்தார்கள். திட்டவில்லை.

“அன்னைக்கு என்னங் நடந்துச்சு?”

சொன்னேன். என் கையாலேயே அந்த நான்கு எண்களையும் அடித்து, பக்கத்தில் ‘தெரியாது’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். படம் உடனே சேர்ந்துகொண்டது. இரண்டாம் கொட்டகைக் கிடாய்தான், அலுவலகத்துக்கே பெருமையான கிடாய், பாதிக் கறுப்பு. அதன் விந்தை எத்தனையோ பண்ணைகளுக்கு அனுப்பியிருந்தோம். அடுத்த வாரம் வண்டி வந்து அதை ஏற்றிக்கொண்டு போயிற்று. குட்டிகளைத் தனியாகப் பிரித்துக் கட்டினோம்.

இனி என் வீட்டைச் சொல்ல வேண்டும். என் மனைவி என் அக்காவின் மகள். சிவகங்கைப் பக்கத்தில் எங்களுக்குள் அது வழக்கம். அம்மா இல்லாத என்னை வளர்த்ததும், டெல்லிக்கு அழைத்து வந்ததும், அத்தான் மூலமாக இந்த வேலையில் சேர்த்ததும் அக்காதான். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் குமரன், இளையவள் நித்யா. அக்காவுக்குக் கடைசிப் பிள்ளை சரவணன், என் மனைவியின் தம்பி. நித்யா பிறந்த அன்றே அக்கா அவள் கையில் ஒரு வளையலைப் போட்டு, இவள் சரவணனுக்கு என்று சொல்லிவிட்டாள்.

குமரனுக்குச் சின்ன வயதிலிருந்தே வெயில் ஆகாது. பகலில் கண்ணை இடுக்கிக்கொண்டு சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பான். நிறமும் தெரியாது. எல்லாம் சாம்பலாகத்தான் தெரியும் என்பான். கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்த்தோம், பிறவிக் குறை என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். இப்போது ஒரு கம்பெனியில் போன் பேசும் வேலை. சாயங்கால ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஒருநாள் மறந்துபோன என் சாப்பாட்டைக் கொண்டு வந்து கொடுக்க அலுவலகத்துக்கு வந்தான். மதியம் ஒரு மணி. கேட்டிலிருந்து கொட்டகை வரைக்கும் அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு வந்ததை மேடம் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறார்கள். நான் மாடிக்குப் போனபோது மேஜையில் புதுத் தாள் இருந்தது.

“பையன் சாயங்காலம் நல்லா நடப்பானுங்களா?”

“நல்லா நடப்பான் மேடம்.”

“உக்காருங்.”

முதல் தடவையாக அவர்கள் முன்னால் உட்கார்ந்தேன். குமரனுக்குச் சதுரம் போட்டு முழுக் கறுப்பாக்கினார்கள். எனக்கும் என் மனைவிக்கும் பாதிக் கறுப்பு, நடுவே இரட்டைக் கோடு. பிறகு அக்கா, அத்தான், அவர்களுடைய அப்பா, அம்மா. அத்தான் எங்கள் அத்தை மகன். சரவணனைச் சொன்னதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“உங்களை அவன் மாமாங்கறதா மச்சாங்கறதா? கோடு போட இந்தத் தாளு பத்தாதுங் போலிருக்குது.”

“அவனுக்கே குழப்பம்தான் மேடம். மாமான்னு கூப்பிடுவான்.” பிறகு மெதுவாகச் சொன்னேன். “நித்யாவை அவனுக்குத்தான் பேசியிருக்கு. நாள் குறிச்சாச்சு.”

சிரிப்பு நின்றுவிட்டது. பென்சிலை எடுத்தார்கள்.

“உங்க அக்கா வீட்டுல யாருக்காச்சும் இப்படிக் கண்ணு இருந்துதுங்களா?”

“இல்லை மேடம்.”

அதுதான் இரண்டாவது பொய். என் மனைவிக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து நான்கு வயதில் காய்ச்சலில் இறந்துபோயிற்று. அப்போது நான் அக்கா வீட்டில் வளர்ந்த பையன். அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து வெயிலில் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அவள் என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டே வருவாள். அதைச் சொன்னால் சரவணன் பக்கத்துப் படமும் சேர்ந்துவிடும், பிறகு நான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

“போன தடவையும் ஒரு நம்பர் சொன்னீங்க” என்றார்கள். சரவணனின் சதுரத்துக்கு மேல் ஒரு கேள்விக்குறி போட்டார்கள். “பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் ரத்தம் குடுத்தாத் தெரிஞ்சுரும். ஆளுக்கும் அந்த டெஸ்ட் இருக்குதுங். பாத்துக்கங்க.”

அந்த மாதக் கடைசியில் அவர்களுக்கு ஓய்வு. நிச்சயத்துக்கு இருந்தது பதினோரு நாள். இரண்டு பேரிடம் ரத்தம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குப் பதினோரு நாள் இருந்தது.

மனைவியிடம் ஆரம்பித்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாதியிலேயே நிறுத்தி, “குமரன் அப்படிப் பொறந்தது என்னாலன்னு சொல்ல வர்றீங்களா?” என்றாள். இல்லை, ரெண்டு பேராலயும் என்றேன். அவள் கத்தியை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

அக்காவைப் பார்க்க சரோஜினி நகருக்குப் போனேன். சரவணனுக்கு வேலையில் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அங்கே பழைய வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள், அது இன்னும் இடிக்காமல் விட்டிருந்த வரிசையில் இருந்தது. அக்கா எனக்குப் பிடிக்குமென்று பணியாரம் சுட்டாள். ரத்தப் பரிசோதனை என்று நான் இழுத்ததும் கரண்டியை வைத்தாள்.

“ஏண்டா, எம் பொண்ண ஒனக்குக் குடுத்தேனே, அப்ப யாரு ரத்தத்தப் பாத்த? நீ வாங்கும்போது ஒறவு இனிச்சுச்சு, குடுக்கும்போது கசக்குதா?”

“அதில்லக்கா…”

“எதில்ல? ஆட்டுக் கொட்டாயிலேயே கெடந்து ஒனக்குப் புத்தியும் அப்புடி ஆயிருச்சு. மனுசன் என்ன, சாயம் பூசி விடுற கெடாயா? சாப்புடு, ஆறுது.”

சாப்பிட்டேன்.

நித்யாவிடம் கேட்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். வெற்றிலையும் வாழை இலையும் வாங்க வேண்டியிருந்தது. உனக்கு இதில் முழுச் சம்மதமா என்று கேட்டேன்.

“அச்சா பா, என்ன இப்ப போய்க் கேக்கறீங்க? மாமாவைச் சின்னதுலேர்ந்து தெரியும். புதுசா யாரோன்னாதான் டென்ஷன். நீங்க சரின்னா சரி” என்றாள். “ஜல்தி வாங்க, மெட்ரோல கூட்டம் ஆயிடும்.” பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் வாழை இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கடைசியாகக் குமரன். அவன் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம். கோல் மார்க்கெட் பக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வெயில் சாய்வதற்காகக் காத்து நின்றான். அவனிடம் ஆட்டைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தேன். அவன் புரிந்துகொண்டுவிட்டான்.

“அந்தக் குட்டிங்கள என்னப்பா பண்ணீங்க?”

“தனியா பிரிச்சு வெச்சோம்.”

“அப்புறம்?”

நான் அவன் சாப்பாட்டுப் பையை எடுத்துக் கொடுத்தேன்.

“சரி. சரவணன் மாமா கிட்ட வேணாம்னு சொல்லப்போறீங்க. காரணம் கேப்பாங்க இல்ல? என்னைக் காட்டுவீங்களா?” கோபமில்லாமல்தான் கேட்டான். “என்னை மாதிரி ஒண்ணு வந்துரும்னு. நான் நல்லாதானேப்பா இருக்கேன்?”

“நல்லாதான்டா இருக்க.”

“அப்போ?”

மெட்ரோவுக்குப் போய்விட்டான். வெயில் இறங்கியிருந்தது. சுவரைத் தொடாமல் நடந்தான்.

நிச்சயம் அக்கா வீட்டில் நடந்தது, ஞாயிற்றுக்கிழமை காலை. மேடத்தைச் சும்மா மரியாதைக்குத்தான் கூப்பிட்டிருந்தேன். வந்துவிட்டார்கள். ஒரு வெண்கல விளக்கும் பூவும் வாங்கிக்கொண்டு, மடிப்புக் கலையாத பருத்திப் புடவையில். அக்கா அவர்களை முன் வரிசை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் கன்னியாக இறந்துபோன பெண்ணைக் கும்பிட்டுவிட்டுத்தான் எந்த நல்ல காரியத்தையும் தொடங்குவோம். வீட்டுக் கன்னி என்போம். அவளுக்குப் புதுப் பாவாடை வைத்து, சர்க்கரைப் பொங்கல் படைத்து, உத்தரவு கேட்க வேண்டும். பல வருடமாகப் பெட்டியில் இருந்த போட்டோவை அக்கா அன்று எடுத்துத் துடைத்து, பொட்டு வைத்து, மேடத்தின் நாற்காலிக்கு நேர் எதிரே மாடத்தில் வைத்தாள். எனக்கு இந்த வழக்கம் தெரியும். ஆனால் மேடத்தைக் கூப்பிட்டபோது இது ஞாபகத்தில் வரவில்லை.

மேடம் எழுந்து போட்டோவுக்குக் கிட்டே போனார்கள். ஊரில் வாசலில் நிற்க வைத்து எடுத்த படம். நாலு வயதுப் பெண். நல்ல வெயில். முகத்தைச் சுருக்கி, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, ஒரு கையை நெற்றியில் வைத்திருந்தாள்.

“யாருங் இது?”

“எம் மூத்த பொண்ணும்மா. எங்க வீட்டுக் கன்னி. இவகிட்டக் கேக்காம நாங்க எதுவும் செய்ய மாட்டோம்.”

“கண்ணை மூடிட்டு இருக்குதுங்களே.”

“வெயில்ல எப்பவும் அப்புடித்தான் எந் தங்கம்” என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போட்டோக்காரன் தொறடி தொறடின்னு கத்துறான். தொறக்கவே மாட்டேன்னுட்டா. பொழுது சாஞ்சாத்தான் எங்கயும் ஓடுவா. இந்தா, இவன் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் கடைக்கெல்லாம் போவா.”

என்னைக் காட்டினாள்.

மேடம் திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் போட்டோவையே பார்த்தார்கள். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் தப்பித்திருப்பேன். அக்காவின் கோபம் அவர்கள் மேல் போயிருக்கும். ஆனால் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

சம்பந்தி வாங்க என்று அத்தான் என்னைச் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பாயில் உட்கார்ந்தேன். நித்யா பச்சைப் பட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். குமரன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு இருட்டுப் பக்கமாக நின்றான். அவனுக்கு என் முகம் தெரிந்திருக்கும். சரவணன் என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கத்தோடு தலையை ஆட்டினான். நல்ல பையன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

அக்கா தாம்பூலத் தட்டை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், புடவை. வாங்கினால் முடிந்தது. நான் வாயைத் திறந்தேன்.

“என்னடா, புடி. கை வலிக்குது” என்றாள் அக்கா.

என் கை நீண்டது. தட்டை வாங்கிக்கொண்டது. குலவை போட்டார்கள். மேடம் சாப்பிட்டுவிட்டு, இலையை மடித்துவிட்டு, நித்யாவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. பத்து மணிக்கு மேடம் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்துத் தாள் மேஜையில் இருந்தது. அக்காவுக்குக் கீழே ஒரு வட்டம் புதிதாகப் போட்டு அதை முழுக் கறுப்பாக்கினார்கள். கேள்விக்குறி அப்படியே இருந்தது. சரவணனுக்கும் நித்யாவுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு இழுத்தார்கள். அதிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, அதன் முனையில் எதையும் போடாமல் பென்சிலை வைத்துவிட்டார்கள். தேதி போடச் சொன்னார்கள். போட்டேன். அன்று நிறம் மாற்றும் நாள். மூன்றாம் கொட்டகைக்குப் போய்க் கிடாயின் நெஞ்சில் நீலம் பூசினேன்.